புதன்கிழமை பட்டாணி சூப்பு

"இன்னைக்கு என்ன கிழமை?"

குன்வோரிடம் இப்படிக் கேட்டவர் குடையை மடக்கி, உதறி, கதவுக்கு வெளியிலேயே சாய்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவ்வளவு ஒழுங்கான மனிதர். மே மாதத்துத் தூறல். மணி பதினொன்று இருபது. ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தட்டுமாக நின்ற குன்வோருக்கு, கேள்வி இவ்வளவு சுலபமாக இருந்ததே சந்தேகத்தைக் கிளப்பியது. சுவரிலிருந்த காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"புதன்," என்றாள்.

ஐம்பத்து நான்கு வருஷத்தில் அவள் யாருக்கும் இவ்வளவு சரியான பதில் சொன்னதில்லை. எந்தப் பதிலுக்காகவும் இவ்வளவு அவதிப்பட்டதும் இல்லை.

குன்வோருக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் வாயைத் திற என்றார்கள், கல்யாணத்தில் கொஞ்சம் சத்தமாகச் சொல் என்றார்கள், அந்தக் கல்யாணம் முடிந்துபோனபோதும் ஏதாவது சொல்லேன் என்றார்கள். இப்போது கடையில் அவள் பேசுவது ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம். "சூடு, பாத்து." "ரொட்டி அங்க இருக்கு." "தீந்துபோச்சு."

ஸ்டாக்ஹோமின் தெற்குத் தீவில், ஏற்றமான ஒரு தெருவில், பாதி மண்ணுக்குள் இறங்கிய அறை அந்தக் கடை. ஆறு மேசை. தெருவிலிருந்து ஐந்து படி இறங்க வேண்டும். ஜன்னல் வழியாக மனிதர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். அந்த ஷூக்களை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, அவர் கதவைத் திறப்பதற்குள் தட்டை நிரப்பிவிடுவாள். இந்த மனிதரின் ஷூ அவள் பார்க்காதது. பழுப்பு நிறம், மழையிலும் பளபளப்பு.

"புதன்கிழமைன்னு நீங்களே சொல்லிட்டீங்க," என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு. "பானையில என்ன இருக்கு?"

பானையில் இருந்தது மஞ்சள் பட்டாணி சூப்பு. குற்றமே அதுதான்.

அந்த நாட்டில் வியாழக்கிழமை மதியம் மஞ்சள் பட்டாணி சூப்பு. உப்புப் பன்றிக்கறி போட்டு, கடுகு விழுதைத் தட்டின் ஓரத்தில் தடவி. அதற்குப் பிறகு ஜாம் வைத்த மெல்லிய பான்கேக். பட்டாளத்தில் அதுதான், பள்ளியில் அதுதான், ஆஸ்பத்திரியில் அதுதான், சிறையிலும் அதுதான். ஏன் வியாழக்கிழமை என்று கேட்டால், எப்போதும் வியாழக்கிழமை என்பார்கள். இதில் ஒரே ஒரு சிக்கல்தான். இயேசு விண்ணுக்கு ஏறியதும் வியாழக்கிழமை. ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்து வாக்கில் அந்தத் திருநாள் வரும்போது காலண்டரில் அந்த வியாழன் சிவப்பாகிவிடும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தீவு வீடுகளுக்குப் போய்விடும்.

ஊர் போனாலும் பஸ் ஓட வேண்டும். பஸ் ஓட்டுநர் ரூனே செவ்வாய்க்கிழமையே வந்து மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு புலம்பினான்.

"ஏய் குன்வோர், நாளன்னைக்கு நீ சாத்திருவே. நான் நாள் பூரா பாலத்துல அங்கயும் இங்கயும் வண்டி ஓட்டணும். வயித்துல சூப்பு இல்லாம ஒரு வியாழக்கிழமையா? இயேசு மேல போறாருன்னா தாராளமா போகட்டும். எங்க சூப்பை ஏன் கூட்டிட்டுப் போறாரு?"

குன்வோர் அன்று சாயங்காலமே பட்டாணியை ஊறப்போட்டாள். புதன் காலை முதல் ரூனேயும் அவன் டிப்போ ஆட்களும் இன்னும் சிலருமாக முப்பத்தோரு பேர், ஒரு நாள் முன்கூட்டியே தங்கள் வியாழக்கிழமையைச் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டாவதாக வந்தவர்தான் இந்தப் பழுப்பு ஷூக்காரர்.

தன் பெயர் தோர்கெல் என்றார். தேசிய உணவு மரபு ஆணையத்தின் கள ஆய்வாளர். சட்டைப் பையிலிருந்து தோல் உறை ஒன்றை எடுத்தார், அதிலிருந்து ஒரு வெள்ளி ஸ்பூனை எடுத்தார்.

"ஆதாரம் எடுக்கணும். ஒரு தட்டு குடுங்க."

ஒரு தட்டு ஆதாரம் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நோட்டில் ஏதோ எழுதினார், எழுதியதை அடித்தார். "முதல் தட்டுல தப்பா பதிவாகியிருக்கலாம். உறுதிப்படுத்திக்கணும்," என்று இன்னொரு தட்டு வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பான்கேக்கும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

குன்வோர் தலையை ஆட்டினாள்.

"கடவுளே. அப்ப இது அரைகுறைக் குத்தமும் இல்ல, முழுசு. ரெண்டு குடுங்க. ஜாம் கொஞ்சம் தாராளமா."

போகும்போது கடைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நீல எனாமல் பலகையைச் சோகமாகத் தடவிப் பார்த்தார். 'மரபுவழி மதிய உணவகம்' என்று ஆணையம் கொடுத்த பலகை. அது இருக்கும்வரைதான் அந்த அறை அவளுக்கு என்று கட்டடச் சங்கம் வாடகைப் பத்திரத்தில் எழுதி வைத்திருந்தது. பலகை இறங்கினால் குன்வோரும் படி ஏற வேண்டியதுதான். பச்சைக் காய்களைப் பிழிந்து பாட்டிலில் அடைத்து விற்கும் ஓர் இளைஞன் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, மரியாதையாக வணக்கம் சொல்லி, சுவரை அளந்துகொண்டு போயிருந்தான்.

*

ஆணையத்திலிருந்து வந்த கடிதம் மிகவும் அன்பாக இருந்தது. 'அன்புள்ள குன்வோர்' என்று தொடங்கி, 'கதகதப்பான வாழ்த்துகளுடன், டாக்னி' என்று முடிந்தது. டாக்னி என்பவர் ஆணையத்தின் தலைவர். அந்த நாட்டில் அமைச்சரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அவர் கையால் கழுத்து அறுபடும்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நடுவிலிருந்த பகுதியில், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரும்படி எழுதியிருந்தது.

வியாழக்கிழமை! குன்வோர் கடையைச் சாத்திவிட்டுப் போனாள். ஜன்னலில் அட்டை ஒன்றை வைத்தாள்: 'இன்று சூப்பு இல்லை. சூப்பு விஷயமாகப் போயிருக்கிறேன்.'

ஆணையத்தின் வரவேற்பு அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. எண் சீட்டு தரும் இயந்திரத்தில் சீட்டு எடுத்தாள். எழுபத்தொன்று. பலகையில் எழுபது எரிந்துகொண்டிருந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அவளைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். குன்வோரும் சிரித்தாள். ஒரு மணி நேரம் இப்படியே போனது.

கடைசியில் குன்வோர் சீட்டை உயர்த்திக் காட்டினாள்.

"தெரியுது," என்றாள் அந்தப் பெண். "நீங்க எழுபத்தொண்ணு. ஆனா எழுபது இன்னும் வரலையே."

குன்வோர் காலி நாற்காலிகளைப் பார்த்தாள்.

"காபி குடிச்சிட்டு வரேன்னு போனாரு."

"எப்ப?"

"பிப்ரவரில." அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள். "நீங்க மட்டும்தான் உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுதுங்க. அதை இயந்திரமில்ல ஒத்துக்கணும்? இன்னைக்கு உங்களை முன்னாடி விட்டா, நாளைக்கு யாரு வரிசைல நிப்பா?"

பன்னிரண்டு மணிக்கு உள்ளேயிருந்து கதவுகள் திறந்தன. உணவு மரபைக் காக்கும் எண்பது பேரும் கும்பலாக வெளியே போய், அட்டைப் பெட்டிகளோடு திரும்பினார்கள். பெட்டிகளில் சுஷி. மூன்று வருஷத்துக்கு முன்பு ஊழியர்கள் வாக்கெடுப்பு நடத்தி ஏகமனதாக முடிவெடுத்தது அது. வியாழக்கிழமை சுஷி.

மூன்று மணிக் காபி இடைவேளைக்குப் பிறகு இயந்திரம் பழுதானது. பழுது பார்க்க வந்தவர் சோதனைக்காக ஒரு பொத்தானை அழுத்த, எழுபத்தொன்று எரிந்தது. அப்படித்தான் குன்வோர் உள்ளே போனாள். ஒரு தாள் கொடுத்தார்கள். அவளுக்கு 'வியாழக்கிழமை உணர்வு' என்ற மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஒதுக்கப்பட்டிருந்தது. திங்கள், செவ்வாய், புதன். வகுப்பு முடியும் நேரம் புதன் மாலை ஏழு மணி என்பதால், மறுநாள் சூப்புக்குப் பட்டாணி ஊறப்போட முடியாது என்பதை அவள் சொல்ல நினைத்தாள். சொல்வதற்குள் பலகையில் எழுபத்திரண்டு எரிந்தது.

"பயிற்சில என்ன சொல்லிக்குடுத்தாங்க?" என்று அடுத்த வாரம் ரூனே கேட்டான்.

குன்வோர் யோசித்தாள். முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து, வியாழக்கிழமை என்றதும் மனதில் தோன்றும் நிறத்தைச் சொன்னார்கள். இரண்டாம் நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பட்டாணியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாம் நாள் பெட்ரோல் பங்கிலிருந்து வாங்கி வந்த பாஸ்தாவைச் சாப்பிட்டார்கள்.

"மஞ்சள்," என்றாள்.

"என்னது?"

"நிறம்."

"பாவி மக்கா," என்றான் ரூனே. "ரெண்டு வியாழனா எனக்கு சூப்பு இல்ல. நேத்து பாலத்துல ஒரு சைக்கிள்காரனைப் பாத்து கத்திட்டேன். நான்! பதினெட்டு வருஷமா ஒருத்தர்கிட்டயும் கத்தாத ஆளு!"

அவனுக்கும் ஆணையத்திலிருந்து படிவம் வந்திருந்தது. அன்று சூப்பு சாப்பிட்ட முப்பத்தோரு பேருக்கும் வந்திருந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி: 'சாப்பிடும்போது அன்று என்ன கிழமை என்று உணர்ந்தீர்கள்?' ரூனே அதைக் கடையிலேயே உட்கார்ந்து நிரப்பினான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? சூப்பு இருந்துச்சு. அப்ப வியாழன்தான்." மற்ற முப்பது பேரும் அவனைப் பார்த்தே எழுதினார்கள்.

ஆணையத்துக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பித்தது. காலண்டர் புதன் என்கிறது, முப்பத்தோரு குடிமக்கள் வியாழன் என்கிறார்கள். குடிமக்களைப் பொய்யர் என்று சொல்வது மரியாதை இல்லை. காலண்டரைச் சொல்வது வழக்கமில்லை. ஆகவே, அந்த நாட்டில் முக்கியமான எல்லா விஷயங்களிலும் செய்வதைச் செய்தார்கள். கோப்பைப் பிரதி எடுத்து, கருத்துக் கேட்டு நூற்று நாற்பது அமைப்புகளுக்கு அனுப்பினார்கள். கலைமான் வளர்ப்போர் சங்கம் தங்களுக்கு எதிர்ப்பில்லை என்றது. கலங்கரை விளக்கக் காவலர் சங்கம், தாங்கள் மூன்று பேர்தான் மிச்சம் என்றும் கடிதம் வந்ததில் மகிழ்ச்சி என்றும் எழுதியது. வானிலையை ஆராயும் ஒரு குழு, சம்பந்தப்பட்ட புதனன்று பெய்த தூறல் பொதுவாக வியாழக்கிழமைகளில் காணப்படுவதே என்று வரைபடத்தோடு தெரிவித்தது.

*

இதற்கிடையில் தோர்கெல் வாராவாரம் வர ஆரம்பித்தார். தொடர் ஆய்வு. பழுப்பு ஷூ படியில் தெரிந்ததுமே குன்வோர் தட்டை நிரப்பிவிடுவாள். சட்டப்படியான வியாழக்கிழமைகளிலேயே வந்தார் என்பதால் அவர் மனசாட்சி கொஞ்சம் லேசாக இருந்தது. ஆனால் முழுக்க லேசாகிவிடவில்லை.

"என் மேலயே ஒரு புகார் குடுத்திருக்கேன்," என்றார் ஒருநாள், கடுகைத் தடவியபடி. "அன்னைக்கு புதன்கிழமை நானும்தானே குடிச்சேன்? ஆதாரமா இருந்தாலும் குடிச்சது குடிச்சதுதான். ரெண்டாவது தட்டை ஆதாரம்னு சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சு. எழுதிக் குடுத்தேன். அதை விசாரிக்கிற பொறுப்பையும் எனக்கே குடுத்துட்டாங்க."

பக்கத்து மேசையிலிருந்து ரூனே, "விசாரணை எப்படிப் போவுது?" என்றான்.

"ஒத்துழைப்பு இல்ல. கேள்விக்கெல்லாம் மழுப்புறேன்."

ரூனே சூப்பு மூக்கில் ஏறும்வரை சிரித்தான். தோர்கெல் சிரிக்கவில்லை. குன்வோர் ரொட்டிக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஸ்பூனைத் துடைத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

"அடுத்த புதன் உங்க கேஸ் முடிவுக் கூட்டம். எங்க ஆணையத்துல ஓட்டெடுப்பு கிடையாது, தெரியுமில்ல? எல்லாரும் ஒத்துப்போகணும். கடைசில ஒரு சுத்து வரும். மேசையில இருக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தை சொல்லணும். எல்லாரும் சொன்னாத்தான் கூட்டம் முடியும், முடிவும் செல்லும். தொண்ணூத்தி நாலுல ஹெர்ரிங் மீன் வறுத்து விக்கிற வண்டிக்காரர் ஒருத்தர் வந்தாரு. மீனுக்கு உருளைக்கிழங்கு மசியல் வைக்காம சோறு வச்சிட்டாரு, அதுக்காக. சுத்து அவர்கிட்ட வந்தப்ப, வண்டியை தப்பான இடத்துல நிறுத்திட்டேனோன்னு பாக்க வெளிய போனாரு."

"அப்புறம்?" என்றான் ரூனே.

"அப்புறம் வரலை. கோப்பு இன்னும் திறந்தே இருக்கு. வண்டியும் ஓடுது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புறோம், உங்க வார்த்தைக்காகக் காத்திருக்கோம்னு." ஸ்பூனை உறையில் போட்டு மூடினார். "ரொம்ப சங்கடமான விஷயம். திரும்ப நடக்கக் கூடாது."

பான்கேக் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அன்று குன்வோரின் முகத்தைப் பார்க்காமலே போனார்.

*

கூட்ட அறையில் ஒன்பது பேர், ஏழு வகை பிஸ்கட், ஏலக்காய் பன், காபி. ஏழு வகை பிஸ்கட் வைக்காமல் விருந்தாளியை உட்கார வைப்பது மரபு மீறல். எட்டு வைத்தால் பகட்டு. குன்வோர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். புதன்கிழமை, மணி இரண்டு. ஆறு மணிக்குள் பட்டாணி தண்ணீரில் விழ வேண்டும்.

ஆணையத் தலைவர் டாக்னி உயரமான, வெள்ளி முடியைக் குட்டையாக வெட்டிய, யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்கும் பெண். எழுந்து நின்று பேசுவது ஆணவம் என்பதால் உட்கார்ந்தபடியே பேசினார்.

"குன்வோர், முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், பயப்படாதீங்க. இங்க தண்டனை கிடையாது. அந்த வார்த்தையையே நாங்க எடுத்துட்டோம். இப்ப அதுக்குப் பேரு துணை. போன வருஷம் நாப்பத்திரண்டு கடைக்குத் துணை குடுத்தோம். அதுல நாப்பது கடை இன்னைக்கு இல்ல. மிச்சம் ரெண்டு பேரும் வெளிய சீட்டு வாங்கிட்டு இருக்காங்க. அவங்களையும் கைவிட மாட்டோம்."

எல்லோரும் மெல்லத் தலையசைத்தார்கள். மேசையின் மறு கோடியில் தோர்கெல் ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்து இரண்டையும் தட்டில் வைத்தார்.

"உங்க கேஸை நான் தனிப்பட்ட முறையில மனசுக்கு நெருக்கமா எடுத்துக்கிட்டேன்," என்று டாக்னி தொடர்ந்தார். "எனக்கு பட்டாணி சூப்பு பிடிக்காது. சின்ன வயசுலேர்ந்தே வயித்துக்கு ஒத்துக்காது. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது. சாப்பிடுறவங்க கையில மரபை விட்டா என்ன ஆகும்? பசி எடுத்தப்பல்லாம் சாப்பிட்டுடுவாங்க. ஒரு மரபு பத்திரமா இருக்கணும்னா அதைச் சாப்பிடாதவங்க ஒருத்தராவது பொறுப்புல இருக்கணும். இல்லையா தோர்கெல்?"

"ம்," என்றார் தோர்கெல்.

"சரி, தீர்வுக்கு வருவோம். ரொம்ப அழகான தீர்வு. காலண்டரையும் கஷ்டப்படுத்தல, மக்களையும் கஷ்டப்படுத்தல. குன்வோர் கடைக்குள்ள மட்டும், இன்னைலேர்ந்து, முன்தேதியிட்டு மே மாசத்துலேர்ந்து, புதன்கிழமை வியாழக்கிழமையா கருதப்படும்."

அறையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. யாரோ பன் எடுத்துக்கொண்டார்கள்.

"அப்ப மே மாசம் அந்தப் புதன், வியாழன். அந்த வியாழன் விண்ணேற்றத் திருநாள். சிவப்பு நாள். சிவப்பு நாள்ல உங்க கடை சாத்தியிருக்கும். சாத்தின கடையில யாரும் சூப்பு குடிச்சிருக்க முடியாது. யாரும் குடிக்காத சூப்புல குத்தம் ஏது? நீங்க முழுசா நிரபராதி, குன்வோர்!"

ஒன்பது பேரும் அளவாகக் கை தட்டினார்கள்.

"நான் ரெண்டு தட்டு குடிச்சேனே," என்றார் தோர்கெல்.

"இல்ல தோர்கெல். நீ குடிக்கல."

"பான்கேக்?"

"அதுவும் இல்ல."

தோர்கெல் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். அது அவரிடம் பொய் சொல்லிவிட்டதுபோல் முகம் வாடிப்போனது. பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப எல்லாருக்கும் வியாழக்கிழமையா இருக்கிற வியாழக்கிழமை?"

"அது அவங்க கடையில வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பட்டாணி சூப்பு கூடாது, அது நமக்கே தெரியும். போட்டா பலகையைக் கழட்டிடுவோம். இதுல குழப்பமே இல்ல."

"தெருவுல?"

"தெருவுல வியாழன்தான். படி இறங்கினா வெள்ளி. மூணாவது படியில ஒரு கோடு போட்டுத் தரோம், ஆணையத்தோட செலவுல. இதுவும் துணைதான்."

குன்வோர் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் படிகள் தெரிந்தன. நாளை காலை பதினொன்று இருபதுக்கு, தேய்ந்த குதிகாலுடைய ரூனேயின் கறுப்பு பூட்ஸ் வியாழக்கிழமைப் பசியோடு அந்தப் படிகளில் இறங்கும். மூன்றாவது படியில் வெள்ளிக்கிழமைக்குள் கால் வைக்கும். அவள் "தீந்துபோச்சு" என்று சொல்ல வேண்டும், பானையே அடுப்பில் ஏறாமல். முழு ஊரும் சூப்புக்கு அலையும் அந்த ஒரு நாளில் சூப்பு இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? மூன்று மாதம் தாங்கினால் அதிகம். பச்சைச் சாறு இளைஞன் மூன்றாவது தடவையாகச் சுவரை அளப்பான். அப்போதும் மரியாதையாக வணக்கம் சொல்வான்.

"இப்ப சுத்து," என்றார் டாக்னி. "ஒவ்வொருத்தரா, மனசுல பட்டதை ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நிம்மதி," என்றார் முதல் ஆள்.

"எனக்குக் கொஞ்சம் அழுகை வந்துச்சு. நல்ல அழுகை."

"செயல்முறை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"ஏலக்காய் பன் போன தடவையை விட மெத்துன்னு இருக்கு."

ஒவ்வொன்றையும் ஒருவர் குறித்துக்கொண்டார். சுற்று தோர்கெலிடம் வந்தது. 

"பசிக்குது," என்றார். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் எல்லா முகமும் குன்வோர் பக்கம் திரும்பியது. டாக்னி தலையை வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்த்தார்.

"குன்வோர், உங்க முறை. கூச்சப்படாதீங்க. உங்க குரல்தான் எங்களுக்கு முக்கியம். சரின்னு சொல்லலாம். வேணாம்னு கூட சொல்லலாம், இங்க எல்லாருக்கும் சுதந்திரம் இருக்கு. வேணாம்னு சொன்னா அதை மரியாதையா பதிவு பண்ணிக்கிட்டு, இதே முடிவை நிறைவேத்துவோம். எதுவா இருந்தாலும் ஒரு வார்த்தை போதும்."

குன்வோர் வாயைத் திறந்தாள். ஒன்பது பேரும் முன்னால் சாய்ந்தார்கள். குறிப்பெடுப்பவர் பேனாவைத் தாளில் ஊன்றினார். வாழ்நாள் முழுக்க அவள் சொல்லாமல் விட்ட வார்த்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. வேணாம் என்பது எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது, இதுவரை அவளிடம் இல்லாத சத்தத்தோடு. அவள் தோர்கெலைப் பார்த்தாள். அவர் வெள்ளி ஸ்பூனை உறையிலிருந்து எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, அதில் இல்லாத கறை ஒன்றை மிகக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றேகால்.

குன்வோர் வாயை மூடினாள்.

எழுந்தாள். சாப்பிட்ட பாத்திரத்தை மேசையில் விட்டுப்போவது அந்த ஊர்ப் பழக்கம் இல்லை. கோப்பையையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போய், மூலையிலிருந்த தொட்டியில் கழுவி, கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். கோட்டுப் பையில் கசங்கிக் கிடந்த எழுபத்தொன்றாம் எண் சீட்டை எடுத்து நீவி, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள்.

"கழிப்பறையா, குன்வோர்? வெளிய போய் இடது பக்கம்," என்றார் டாக்னி, இனிமையாக.

குறிப்பெடுப்பவர் பேனாவை ஊன்றியபடியே இருந்தார். தோர்கெல் ஸ்பூனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்க வர வரைக்கும் யாரும் எந்திரிக்க வேணாம்," என்று டாக்னி சொல்வது கதவு வழியாகக் கேட்டது. "அவசரப்படுத்தக் கூடாது. அவங்க வார்த்தைக்காகக் காத்திருப்போம்."

வரவேற்பு அறையில் அந்தப் பெண் தலையை நிமிர்த்திச் சிரித்தாள். குன்வோரும் சிரித்தாள். இடது பக்கம் திரும்பாமல், கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பட்டாணி ஊறப்போட நேரமிருக்கும்போதே, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.